போஹ்தான் என்று பெயர் வைப்பது பற்றி

அம்மணி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. காது கேட்காதவன்போல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். எனக்கு நன்றாகவே கேட்டது. "மாமா ஒரு ஆசை சொல்றாருங்கப்பா. பையனுக்குப் போஹ்தான்னு பேரு வெக்கலாமான்னு உங்ககிட்டயும் அம்மாகிட்டயும் கேக்கச் சொன்னாரு. நீங்க வேண்டாம்னா வேண்டாமாம்" என்றாய். வயிற்றில் இருப்பது பையனா பெண்ணா என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னால் அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள், அங்கே ஸ்கேன் பார்க்கும்போதே சொல்லிவிடுகிறார்களே என்று அம்மா அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பெயரைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் அழுதாள்.

எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். மின்வாரியத்தில் கம்பம் ஏறி இறங்கியே வயதைக் கழித்தவன். கீழே இருப்பவனிடம் "லைன் கட்டா?" என்று கேட்பதும், "கட்டுங்க" என்று அவன் சொல்வதும்தான் என் பேச்சில் பாதி. அதனால் எழுதுகிறேன். இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லிப் பக்கத்துத் தறிக்கூடத்துக்காரம்மாவிடம் கொடுப்பேன். கரண்ட் இருக்கும்போது, உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படிக்காதே.

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது, டாக்டருக்குப் படித்த நாட்டிலேயே நீ செய்துகொண்ட கல்யாணத்துக்கு வந்தபோது. போருக்கு முந்தைய கோடை அது. கீவ் விமான நிலையத்துக்கு வேன் எடுத்துக்கொண்டு வந்தவன் மாப்பிள்ளையின் அண்ணன் போஹ்தான். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம். அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, நீ சொல்லிக்கொடுத்த "வணக்கமுங்க"வை அப்படியே சொன்னான். அந்த "ங்க"வைக் கேட்டு அம்மா நடைபாதையிலேயே சிரித்துவிட்டாள். ஊருக்குப் போகும் வழியெல்லாம் சூரியகாந்தி. சத்தியமங்கலத்தில் மலையேறி அந்தப்பக்கம் இறங்கினால் சாலையோரம் பூத்திருக்குமே, நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி அழுவாயே, அந்த வயல்களை எடுத்து விரித்து வானம் தொடுகிற இடம்வரை போட்டதுபோல் இருந்தது. "எத்தனை ஏக்கரா வருமுன்னு கேளு கண்ணு" என்று அம்மா உன்னைத் தொந்தரவு செய்தாள். போஹ்தான் பாதிவழியில் வேனை நிறுத்தி, சாலையோரம் ஒரு கிழவி விற்றுக்கொண்டிருந்த செர்ரிப்பழத்தை வாளியோடு வாங்கி அம்மா மடியில் வைத்தான்.

நீ மாமா என்று கூப்பிடுகிற சம்பந்தி மிகோலாவும் நானும் பேசிக்கொள்ள ஒரு வார்த்தை கிடையாது. போன மறுநாள் காலையில் என்னைக் கையைப் பிடித்து வயலுக்கு அழைத்துப்போனார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். கரிசலைவிடக் கறுப்பு. மோந்து பார்க்கச் சொல்லி மூக்கைத் தொட்டுக் காட்டினார். மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் மனிதர்கள் எப்படி இருப்பார்களோ என்று புறப்பட்ட நாளிலிருந்து எனக்குள் இருந்த பயம் அந்த வயலில்தான் போனது.

சூபோத்திவ் என்கிற அந்த ஊரின் வெள்ளைக் கோயிலில்தான் உங்கள் கல்யாணம் நடந்தது. உங்கள் இருவர் தலைக்கு மேலும் கிரீடம் பிடித்தார்கள். அம்மா பட்டுச்சேலையில் நின்று அதைப் பார்த்துத் தாலி எப்போது கட்டுவார்கள் என்று என்னிடம் கேட்டாள். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் போஹ்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். அவர்கள் ஊர் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம், ஐந்து ஹ்ரிவ்னியா. முன்பக்கம் இறகு செருகிய தொப்பியோடு தொங்குமீசைக்காரர் ஒருவர். பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னான். திருப்பினால் நான் நின்றுகொண்டிருந்த அதே கோயில்! நோட்டையும் கோயிலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். "இவர் பெயரும் போஹ்தான்தான். இந்தக் கோயிலைக் கட்டியவர். என் முகத்தையும் ஒருநாள் அச்சடிப்பார்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவன் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். அன்றிலிருந்து நம் வீட்டில் அவர் "நோட்டுக்காரர்" ஆகிவிட்டார். இரண்டு போஹ்தானையும் பிரித்துச் சொல்ல வேண்டுமே.

நோட்டுக்காரர் கதையை அன்று சாப்பாட்டு மேசையில் போஹ்தான் சொன்னான். நீ பாதி, மாப்பிள்ளை பாதி மொழிபெயர்த்தீர்கள். அந்தப் புல்வெளிகளில் குதிரையோடும் வாளோடும் வாழ்ந்த கொசாக் படைக்காரர்களில் ஒருவர் அவர். கலகக்காரராகப் பிறந்தவர் இல்லை. போலந்து அரசனுக்கு விசுவாசமாக இருந்து, இந்த ஊரில் பண்ணை வைத்து, தேன்கூடும் தானியக்குதிருமாக வயதாகிக்கொண்டிருந்த குடும்பஸ்தர். ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் ஓர் அதிகாரி ஆட்களோடு வந்து பண்ணையைப் பிடுங்கிக்கொண்டான். அவருடைய சின்ன மகனைப் போட்டு அடித்ததில் பையன் செத்துப்போனான் என்கிறார்கள். இவர் கோர்ட்டுக்குப் போனார். நியாயம் கிடைக்கவில்லை. அரசனிடமே போய் நின்றார். "உன் இடுப்பில் வாள் இல்லையா?" என்று அரசன் கேட்டதாகச் சொல்வார்களாம். அதற்குப் பிறகுதான் அவர் ஆறு இறங்கிப்போய்ப் படை திரட்டிக்கொண்டு வந்தார், நாட்டையே புரட்டிப்போட்டார். போஹ்தான் இதைச் சொல்லும்போது எழுந்து நின்று கையில் கரண்டியை வாள்போல் பிடித்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம்.

கடைசியில் அவன் ஒன்று சொன்னான். "அவர் ஒரே ஒரு தப்புப் பண்ணினார். தனியாகத் தாக்குப்பிடிக்க முடியாமல் மாஸ்கோ அரசனிடம் துணை கேட்டுச் சத்தியம் பண்ணிக்கொடுத்தார்." அதுவரை பேசாமல் ரொட்டி பிட்டுக்கொண்டிருந்த மிகோலா நிமிர்ந்தார். "அப்போது அவருடைய பெரிய மகனும் போரில் செத்து, உடலை இந்தக் கோயிலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளையைப் புதைத்தவன் யாரிடம் வேண்டுமானாலும் கை நீட்டுவான். உனக்குப் பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் தப்பு எது சரி எது என்று சொல்" என்றார். பிறகு யாரோ பாட்டுப் போட்டார்கள். போஹ்தான் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் ஆட வைத்தான்.

அதற்கடுத்த மாசியில் போர் வந்தது. கோயமுத்தூர் விமான நிலையத்தில் அங்கே டாக்டருக்குப் படிக்கப்போன மற்றப் பிள்ளைகள் முதுகுப்பையோடு இறங்குவதையும், தாய்மார்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதையும் டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முகமாக அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், நீ வரவில்லை என்று தெரிந்தும். "உங்க பொண்ணு மேரேஜ் ஆனவியளுங்களா, அதுதான் வரலையாட்ட இருக்குது" என்று கடைக்காரர் எனக்குச் சமாதானம் சொன்னார். ஆமாங்க என்றேன். கட்டிக்கொடுத்த பெண்ணை "வந்துவிடு" என்று எந்த வாயால் கேட்பது? ஆண்களை நாட்டைவிட்டு விடமாட்டார்கள். மாப்பிள்ளையை விட்டுவிட்டு நீ வரமாட்டாய்.

போஹ்தான் முதல் வாரத்திலேயே படையில் சேர்ந்தான். மறுவருஷம் வயல் உழுகிற காலத்தில் போய்விட்டான். நீ அழைத்துச் சொன்னபோது எனக்கு வேனை நிறுத்திச் செர்ரி வாங்கிய முகம்தான் வந்தது. அம்மா எழுந்துபோய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு வந்து உட்கார்ந்தாள். "சம்பந்தி ஊட்டுத் துக்கத்துக்குப் போகாம இருக்கறமே, நாமெல்லாம் என்ன மனுசருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நம் பக்கத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு சாவென்றாலே பஸ் மாறிப்போய்க் கைகொடுத்துவிட்டு வருகிறோம். இங்கே பெண் கொடுத்த வீட்டில் மூத்த பிள்ளை போயிருக்கிறான், நாம் கருமத்தம்பட்டியில் தறிச்சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறோம்.

நீ வீடியோவில் காட்டினாய். வண்டி வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் ஊர் ஜனம் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தது. வயதானவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடையை மூடிவிட்டு வந்தவர்கள், எல்லோரும் சேற்றில் முழங்காலிட்டிருந்தார்கள். அவனைப் புதைத்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த வெள்ளைக் கோயில் தெரிந்தது. எல்லாம் முடிந்த பிறகு நீ போனை மாமாவிடம் கொடுத்தாய். அவர் அதை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நானும் இங்கே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவருக்குத் தெரிந்த தமிழ் எதுவும் அதற்கு உதவாது, எனக்குத் தெரிந்த அவர் பாஷையும் அப்படித்தான். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கவீட்டில் பந்தலுக்கு அடியில் ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி, சார்ஜ் தீர்ந்து அவர் முகம் அணைகிறவரை உட்கார்ந்திருந்தோம்.

அதன்பிறகுதான் நான் நோட்டுக்காரரைப் பற்றிப் போனில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் இருப்பதை அதுவே தமிழாக்கிக் கொடுக்கிறது, தப்பும் தவறுமாக. போஹ்தான் மேசையில் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. நோட்டுக்காரரின் கலகத்தில் யூதக் குடும்பங்களையும் போலந்துக்காரர்களையும் ஊர் ஊராகக் கொன்றிருக்கிறார்கள். கைக்குழந்தைகளைக்கூட விடவில்லை. அவர்கள் வம்சத்தார் அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். அவர் செத்த பிறகு எதிரிப் படை வந்து அவர் எலும்பையும் மகன் எலும்பையும் கோயிலிலிருந்து தோண்டி எறிந்துவிட்டதாகவும் ஒரு பேச்சு. நோட்டில் ஒரு முகத்தைத்தான் போட முடியும். அவர் அழுத முகத்தையா போடுவார்கள்? இல்லை, அவரால் அழுதவர்கள் முகத்தைத்தான் போடுவார்களா? இப்போது அந்த நோட்டை நிறுத்திவிட்டு அதே முகத்தை நாணயத்தில் அடிக்கிறார்கள் என்று நீ சொன்னாய். தாள் கிழிந்துவிடுகிறதாம்.

நம் பக்கத்திலும் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் தொங்கியவர் உண்டு. தம்பிகளையும் கூடவே தொங்கவிட்டார்கள். அவருக்குச் சிலை இருக்கிறது, தபால்தலை போட்டார்கள், வருஷாவருஷம் ஆடிப்பெருக்கன்று பெரிய மனிதர்கள் காரில் வந்து மாலை போடுகிறார்கள். அந்தப் பக்கம் வேலையாகப் போகும்போது நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டிருக்கிறேன். பெற்ற பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்த அந்தத் தாய் அதற்குப் பிறகு எத்தனை காலம் இருந்தாள், யார் அவளுக்குச் சோறு போட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. போஹ்தான் போன பிறகுதான் அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தோன்றியது.

பிறகு அங்கே மின்நிலையங்களை மறுபடியும் குண்டு போட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். டிவியில் எரிகிற டிரான்ஸ்பார்மரைக் காட்டும்போது மற்றவர்கள் நெருப்பைப் பார்க்கிறார்கள். எனக்கு அதற்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, அந்த அளவு ஒன்றைச் செய்து, கொண்டுவந்து, தூக்கி நிறுத்த எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதெல்லாம் தெரிகிறது. தெரிந்து என்ன பண்ண? பெருந்துறையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சூறைக்காற்றில் வரிசையாகக் கம்பங்கள் சாய்ந்தன. ஊரே இருட்டில் கிடந்தது. நாங்கள் வீட்டுக்கே போகாமல் இழுத்துக் கட்டினோம். லைனைக் கொடுத்ததும் தெருவில் ஒரு சத்தம் எழுந்தது பார், தேர் நகர்ந்ததுபோல. டீயும் பன்னும் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சம்பந்தி போன் செய்தால் முதலில் "ஸ்வித்லா நெமா" என்பார். வெளிச்சம் இல்லை என்று அர்த்தம். அவர் பாஷையில் நான் கற்றுக்கொண்டதே அதுதான். "அங்க லைன்மேன் வேலைக்கு வயசானவனை எடுப்பாங்களா, கேளு" என்று ஒருநாள் உன்னிடம் கேட்டேன். நீ சிரித்தாய். அப்புறம் சிரிப்பு நின்று, கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். லைன் போகவில்லை.

மாப்பிள்ளைக்கும் படையில் சேர ஆணை வந்தது. ஆம்புலன்ஸில் முதலுதவி செய்கிறவருக்கு அங்கேதான் வேலை என்று தெரிந்ததுதான். அவர் போன பிறகு எனக்கு ஒரு தைரியம் வந்தது. இனி நீ தனி. அழைத்தால் வருவாய். உக்ரைனுக்குள் வர எனக்கு விசா இல்லை. போலந்துக்கு வாங்கினேன். எல்லையில் அந்த ரயில் நிலையம், ப்ஷெமிஷ்ல், எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு நாக்குப் புரளவில்லை. அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள், பருப்புப்பொடி, தேங்காயெண்ணெய், உன் பழைய ஸ்வெட்டர் எல்லாம் வைத்துக் கட்டினாள். திரும்பி வர எனக்கு ஒரு டிக்கெட், உனக்கு ஒரு டிக்கெட். நீ ரயிலைவிட்டு இறங்கி, சோதனையெல்லாம் முடிந்து கதவுக்கு வெளியே வந்தபோது கையில் ஒரு சின்னப் பைதான் இருந்தது. அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. புரியாததுபோலத்தான் பேச ஆரம்பித்தேன்.

"டிக்கெட் போட்டிருக்கறேன் கண்ணு."

"தெரியுமுங்கப்பா. அம்மா சொல்லிப்போட்டாங்க."

"தெரிஞ்சுதான் வந்தியா?"

"உங்களைப் பாக்கோணும்னு இருந்துச்சு. அதுதான் வந்தேன்."

காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்தோம். சுற்றிலும் பெண்களும் குழந்தைகளும் பெட்டிகளும். எல்லோரும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள். நீ மட்டும் திரும்பிப் போகிறவள். கச்சாயத்தை நீ ஒன்றுவிடாமல் தின்பதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. "மாசமாயிருக்கறேனுங்கப்பா" என்றாய். உன் தலையில் கை வைத்தேன். அப்புறம் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாப்பிள்ளை படையில இருக்கறாரு. மேல என்ன வந்து விழுகும்னு தெரியாத ஊர்ல, வவுத்துல புள்ளைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே? யாருக்கு என்ன ஆகப்போகுது நீ வந்துட்டா?"

"எங்க ஆஸ்பத்திரில டாக்டருங்க பாதிப் பேரு போயிட்டாங்கப்பா. மாமா ஒத்தையா இருக்கறாரு. உங்க மாப்பிள்ளை லீவுல வந்தா வர்றதுக்கு ஒரு ஊடு வேணுமுங்கள்ல?"

"அதுக்கு நீயா?"

"காத்து அடிச்சா நீங்க எங்களை ஊட்டுல விட்டுப்போட்டு லைனுக்குப் போவீங்க. அம்மா போகாதீங்கன்னு கையைப் புடிச்சா, ஊரே இருட்டுல கெடக்குதுன்னு சொல்லுவீங்க. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு இருப்பேனுங்கப்பா."

நீ குற்றம் சொல்லவில்லை. சும்மா, நடந்ததைச் சொன்னாய். உன் ரயிலுக்கு அறிவிப்புச் சொன்னார்கள். அம்மா கொடுத்த மூட்டையை நான் தூக்கிக்கொண்டு சோதனைக் கதவுவரை வந்தேன். அங்கே நின்ற காவல்காரன், உன் வயதுதான் இருக்கும், என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையை மெதுவாக ஆட்டினான். மூட்டையை அவனே வாங்கி உன்னோடு உள்ளே எடுத்துக்கொண்டு வந்தான். நீ திரும்பி, "போயிட்டு வாரேனுங்கப்பா" என்றாய். கோயமுத்தூரில் காலேஜ் பஸ் ஏறுகிறவள்போலச் சொன்னாய். நான் எத்தனையோ பேரை ஷாக் அடித்த இடத்திலிருந்து இழுத்துப்போட்டிருக்கிறேன். என் பெண் என் கண்ணெதிரில் நடந்துபோகிறாள், ஓர் அடி எடுத்து வைக்க எனக்கு வழியில்லை. விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. பணிப்பெண் அதில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைக்கலாமா என்று கேட்டாள், நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

இப்போது பெயருக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா அழுததற்குக் காரணம் உனக்கே புரிந்திருக்கும். "அகாலத்துல போன பையன் பேரை, பொறக்கற கொழந்தைக்கு வெக்கறதா? எனக்கு மனசு ஒப்பலீங்க" என்றாள். என் பயம் வேறு. நோட்டுக்காரரை நான் படித்திருக்கிறேன் அல்லவா? பெற்ற பிள்ளைகளை வாரிக்கொடுத்தவர் பெயர் அது. இன்னும் எத்தனையோ பேர் பிள்ளைகளின் ரத்தம் பட்ட பெயர். முகத்தைக் காசில் அடிக்கிறார்களே, அந்தப் பேறு நம் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். அவனை யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும். வழுக்கை விழுந்து, சர்க்கரை வியாதி வந்து, பேரன் பேத்தி எடுத்துச் சாகட்டும். இதைத்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன். வார்த்தைகூடத் தேர்ந்து வைத்திருந்தேன்.

மறுநாள் அம்மா இன்னொன்றும் சொன்னாள். நான் வாசலுக்குப் போன பிறகு நீ அவளிடம் சொன்னாயாமே. மாமா கேட்பது நோட்டுக்காரருக்காக இல்லையாம், செத்தவன் நினைவாகக்கூட இல்லையாம். தினமும் பொழுது சாய வயலைப் பார்த்து நின்று அந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பழகிய வாய் அது, இன்னும் சில நாள் தன்னையறியாமல் வாசலுக்கு வந்து வாயைத் திறந்துவிடுகிறாராம், பாதியில் நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறாராம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒருவன் வேண்டும் என்று கேட்டாராம். இதை அம்மா எனக்குச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

அந்த மனிதர் என்னிடம் இதற்கு முன் ஒன்றும் கேட்டதில்லை, அம்மணி. உனக்கு என்னால் கரண்ட் கொடுக்க முடியவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வர முடியவில்லை. மாப்பிள்ளை பத்திரமாக வருவார் என்று சொல்லக்கூட என்னிடம் வார்த்தை இல்லை. சம்பந்திக்கு என்னால் ஆகக்கூடியது, சரி என்று சொல்கிற இந்த ஒன்றுதான். அந்தப் பெயருக்குக் கடவுள் கொடுத்தவன் என்று அர்த்தம் என்று கல்யாணத்தின்போதே நீ சொல்லியிருக்கிறாய். வையுங்கள். பயத்தோடுதான் சொல்கிறேன். பயம் போன பிறகு சொல்லலாம் என்றால் அது எப்போது போகும்? சைரன் ஊதினால் படிக்கட்டில் ஓடாதே, பக்கச்சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கு. ஜன்னலோரம் படுக்காதே. மற்றதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இதை எப்படி அம்மாவிடம் சொல்வது என்றுதான் இரண்டு நாளாகத் தயங்கினேன். இன்று வெள்ளிக்கிழமை. காலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். திரும்பி வரும் வழியில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பூசாரி அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்குங்கம்மா?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னாள், மாப்பிள்ளை பெயரைச் சொன்னாள். அவை அவருக்குப் பழகிவிட்டன. கொஞ்சம் நிறுத்திவிட்டு, "போஹ்தான்" என்றாள்.

"என்னங்க?"

"போஹ்தானுங்க."

"நட்சத்திரம்?"

"இன்னும் பொறக்கலீங்க சாமி."

பூசாரி தட்டோடு நின்று என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தாள். "பேரனுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, எங்க பேரன். நல்லாச் சத்தமாச் சொல்லுங்க" என்றாள். அவர் மந்திரத்துக்கு நடுவில் போதன் என்றார். அவள் கண்ணைத் திறந்து, இல்லைங்க என்றாள். போகதன் என்றார். அதுவும் இல்லைங்க என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் சரியாகச் சொல்கிறவரை அவள் விடவில்லை.

அப்பா